மருந்து கொடுக்கச் சொல்லித் தரும்போது மறக்க முடியாத ஒரு நாள்: உங்கள் அனுபவம்?

மெடிக்கல் வார்டு டீச்சர்:
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு காலை டியூட்டி. ஒரு பாட்டிக்கு இன்சுலின். மாணவி மருந்தை ஏற்றிக் கொண்டுவந்து காட்டினாள். சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் தடுமாறாமல் சொன்னாள். மருந்து 10 யூனிட் கோட்டில் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். அப்போது பாட்டி கேட்டார்: "ஏம்மா, எனக்கு எப்பவும் சிவப்பு மூடி ஊசிதானே போடுவாங்க, இன்னைக்கு என்ன ஆரஞ்சு?"

மருந்துக் குப்பி (வயல்) மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். எடுத்து வந்ததோ மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அந்தக் கோட்டில் இருந்தது வெறும் 4 யூனிட். மாறாக, மில்லிக்கு 100 யூனிட் உள்ள பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 10 கோடு வரை எடுத்திருந்தால் 25 யூனிட் உள்ளே போயிருக்கும். ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. நான் தலையாட்டியதை நம்பித்தானே கட்டில் பக்கம் போனாள்?

ஐசியூ ஸ்டாஃப்:
எனக்கு பொட்டாசியம் குளோரைடு. ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் எடு என்றேன். இரண்டும் 10 மில்லி, இரண்டும் பார்க்கத் தண்ணீர், ஒரே ட்ரே. தம்பி உடைத்து ஏற்றியும்விட்டான். உடைத்த காலி ஆம்பியூல் தற்செயலாகக் கண்ணில் பட்டது, பொட்டாசியம். வாயில் பேச்சே வரவில்லை, அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "மேம், வலிக்குது" என்று அவன் சொன்ன பிறகுதான் விட்டேன். அது நேராக நரம்பில் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும். டீச்சர், உங்களுடையது குறைந்த டோஸ்தான், இவ்வளவு வருந்தாதீர்கள்.

பிரசவ வார்டு:
குறைந்த டோஸ்தான் என்பதை ஒத்துக்கொள்ளவே முடியாது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு நாலு நாள் இப்படிப் போனால் ரத்தம் அமிலமாகி, கீட்டோஅசிடோசிஸில் வந்து படுக்கும்.

நான் மாணவியாக இருந்தபோது நடந்தது இது. கர்ப்பகால வலிப்புக்கான மக்னீசியம் சல்ஃபேட், அடுத்த டோஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். எங்கள் மேம், "மணியைப் பார்க்காதே, முழங்காலைத் தட்டிப் பார்" என்றார். தட்டினேன். கால் அசையவில்லை, மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதற்கு அது அடையாளம். அடுத்த காலிலும் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 12. அந்த அக்கா "தூக்கம் தூக்கமா வருது" என்றார். டாக்டர் ஓடி வந்து அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் மெதுவாகப் போட்டார். என் கையில் ஏற்றி வைத்த டோஸ் அப்படியே இருந்தது.

பழைய டியூட்டர்:
பொட்டாசியத்தை டிஸ்டில்டு வாட்டரோடு ஒரே ட்ரேயில் வைத்தது யார்? அதை முதலில் கேளுங்கள், அந்தப் பையனை விடுங்கள். அது தனியாகப் பூட்டி வைக்க வேண்டிய பொருள். அப்புறம், "10 யூனிட்தானே?" என்று பிள்ளைகளிடம் கேட்கவே கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவள் தனியாகக் கணக்குப் போடட்டும், நீங்கள் தனியாகப் போடுங்கள், பிறகு சேர்த்துப் பாருங்கள். யூனிட்டோடு மில்லியும் சொல்லச் சொல்லுங்கள். 40 வயலில் 10 யூனிட் என்றால் கால் மில்லி. அது தெரிந்த பிள்ளைக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் பார்த்ததுமே உறுத்தும். லேபிளை எடுக்கும்போது, ஏற்றும்போது, திரும்ப வைக்கும்போது என மூன்று முறை படிக்க வேண்டும். ஊசி போட்டு முடியும்வரை காலி ஆம்பியூலைத் தூக்கிப் போடக் கூடாது.

என் கதை சின்னது. இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரைக்கு முன் ஒரு மாணவி நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கி 64 என்றாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு நிமிடம் எண்ணினேன், 52. அன்று மாத்திரை கொடுக்கவில்லை.

ஐசியூ ஸ்டாஃப்:
ட்ரேயில் வைத்தது முந்தின ஷிஃப்ட். ஆனால் டியூட்டி எடுக்கும்போது நானும் பார்க்கவில்லை. டீச்சர், நீங்கள் அன்று ரிப்போர்ட் எழுதினீர்களா?

மெடிக்கல் வார்டு டீச்சர்:
இல்லை. பாட்டிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச் தேடி எடுத்துப் போட்டோம், அதோடு விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மார்க் குறைப்பார்கள் என்று பயந்தேன். அந்த மாதம் முழுக்க ஸ்டோரிலிருந்து ஆரஞ்சு மூடிதான் வந்துகொண்டிருந்தது.