'பாட்டி வீடு' குழுவில் நேற்று ராத்திரி

கவிதா: 26 வார பிரசவ லீவு அடுத்த மாதத்தோடு முடிகிறது. பாப்பாவைக் கிரீச்சில் விட மனசே வரவில்லை. பேசாமல் பேப்பர் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பெரிய அத்தை: விட்டுவிடு கண்ணு. கிரீச்சுக்கு 12,000, வண்டிக்கு 5,000. உன் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

சுமதி சித்தி: அதென்ன அண்ணி, கிரீச் காசை அவள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே?

பிரபு: 👍

சுமதி சித்தி: கட்டைவிரல் போதாது மாப்பிள்ளை, வாயைத் திறந்து சொல்லுங்கள் 😄

பெரிய அத்தை: நீயும் கைக்குழந்தையோடு டீச்சர் வேலைக்குப் போனவள்தான் சுமதி. அந்தக் கஷ்டம் தெரியாதா?

சுமதி சித்தி: தெரியும் அண்ணி. எனக்கு மூன்றே மாத லீவு. பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும், கட்டுரை நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பாடம் நடத்துவேன். ஆனால் வீட்டில் மாமியார் இருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் நான் ரிட்டயர்மென்ட் வரைக்கும் போயிருக்கவே முடியாது.

கவிதா அம்மா: நான் ஒரு மாதம் வந்து இருக்கிறேன். அதற்கு மேல் இவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ரேவதி: எனக்கு 12 மாதம் கிடைத்தது கவி. 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு அப்படி.

கவிதா: அரசு உத்தியோகம், கொடுத்து வைத்தவள்!

கோபால் மாமா: ➡️ முன்னனுப்பப்பட்டது: தாய்மையைப் போற்றுவோம், பத்துப் பொன்மொழிகள் 🌹🌹

முரளி அத்தான்: அப்பா, இப்போது வேண்டாம். கவி, நீ சேர்ந்து எத்தனை வருஷம்?

கவிதா: செப்டம்பர் வந்தால் ஐந்து.

முரளி அத்தான்: அப்படியென்றால் இப்போது விடாதே, கிராஜுவிட்டி போய்விடும். ஐந்து வருஷம் முடித்தவர் வேலையை விடும்போது கம்பெனி தரும் பணம் அது. பேசிக் எவ்வளவு, 30,000? அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருஷத்துக்குப் போட்டால் சுமார் 86,500 வருகிறது. லீவில் இருந்த 26 வாரமும் சர்வீஸ் கணக்கில் சேரும்.

கவிதா: இதை ஆபீஸில் யாருமே சொல்லவில்லையே அத்தான்!

முரளி அத்தான்: அவர்கள் ஏன் சொல்கிறார்கள்? இன்னொன்று. 50 பேர் வேலை செய்தாலே கிரீச் வசதி கொடுக்க வேண்டும். பகலில் நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2017-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கவிதா: போனில் கேட்டேன். பக்கத்துக் கட்டடத்தில் ஏற்பாடு இருக்கிறதாம், இடம் காலியில்லையாம்.

முரளி அத்தான்: போனில் கேட்டால் இப்படித்தான். மெயில் போடு. கொஞ்ச நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்றும் அதிலேயே கேள். அவர்கள் ஒத்துக்கொண்டால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிரபு: காலையில் கிரீச்சில் விடுவது என் வேலை. சாயங்காலம் ஐந்தரை மீட்டிங்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

கவிதா: இது எனக்கே இப்போதுதான் தெரியும் 🙄

சுமதி சித்தி: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை கவி.

பெரிய அத்தை: சரி, செப்டம்பர் வரைக்கும் போய்ப் பார் கண்ணு. உன் அம்மா ஊருக்குப் போனதும் நான் பத்து நாள் வந்து இருக்கிறேன். உங்கள் வீட்டு லிஃப்ட் சரியாகிவிட்டதா, இல்லை இன்னும் நாலு மாடி ஏற வேண்டுமா?