உதவி: ஆறு ஸ்பிரிண்ட் ஓடியும் ஆப் முடியவில்லை, பழைய முறைக்கே திரும்பலாமா?

சிப்புட்காரன் | திங்கள், இரவு 11.40
வணக்கம், அவசரம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு ஆப் செய்கிறோம். மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) கைப்பேசியில் குலை எண்ணிக்கையைப் போட்டால், அது ஆபீஸுக்குப் போய்ச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும். முன்பெல்லாம் அருவி முறையில்தான், அதாவது எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வைத்துப் படிப்படியாக முடிக்கிற விதத்தில், வேலை செய்தோம். பாஸ் இனி எல்லாம் அஜைல் என்றார், அதாவது ஸ்பிரிண்ட் என்ற குறுகிய சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டி மாற்றிக்கொண்டே போவது. தினமும் காலையில் பெரட்டு (தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற காலைக் கூட்டம் மாதிரி) வைக்கிறேன், ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் எல்லாம் ஏற்றியிருக்கிறேன். ஆனால் எதுவும் முழுசாக முடியவில்லை. தோட்டத்தில் புதிது புதிதாகக் கேட்கிறார்கள். இரண்டாம் தவணைப் பணமும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பாஸிடம் பேச வேண்டும். அருவி முறைக்கே போய்விடலாமா?

ஈப்போ_தேவ் | திங்கள், இரவு 11.58
எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? ஸ்பிரிண்ட் எத்தனை வாரம்? ஒப்பந்தம் மொத்த விலையா, மாதக் கணக்கா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

பால்மரம்_77 | செவ்வாய், காலை 6.15
திரும்பிவிடு தம்பி. செம்பனைக் கன்று நடுவதைப் பார்த்திருப்பாய். முக்கோணமாக ஒன்பது மீட்டர் அளந்து, கோல் ஊன்றி, அப்புறம்தான் குழி. நட்டுவிட்டால் 25 வருஷம் மரம் அங்கேதான் நிற்கும். முதலில் அளக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யோசனையை மாற்றினால் தோட்டம் உருப்படுமா? மென்பொருளும் அப்படித்தான்.

கிராணிமகள் | செவ்வாய், காலை 7.02
அண்ணே, நடுவதற்கு அது சரி. வெட்டுக்கு? பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று போய், உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பழுத்த குலையை மட்டும்தானே வெட்டுகிறார்கள்? எந்த மரத்தில் எத்தனை குலை என்று வருஷத் தொடக்கத்திலேயே யாரும் எழுதி வைப்பதில்லை. ஆப்பில் நடவு மாதிரியும் வேலை இருக்கும், வெட்டு மாதிரியும் இருக்கும்.
சிப்புட்காரன், புதிதாகக் கேட்பது யார்? மானேஜரா, கிராணியா (ஆபீஸ் கணக்கரா)?

பழையகோட் | செவ்வாய், காலை 9.30
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்நோபேர்டில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்றார்கள். திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே பக்கத்தில் எழுதியும் வைத்தார்கள். அதை யாரும் படிப்பதில்லை.
அருவி முறையும் அப்படித்தான். வின்ஸ்டன் ராய்ஸ் என்ற மென்பொருள் வல்லுநர் 1970இல் ஒரு கட்டுரையில் அந்த முறையின் படிக்கட்டுப் படத்தை வரைந்தார். இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்று கீழேயே எச்சரித்தார். அருவி என்ற சொல் அந்தக் கட்டுரையில் கிடையாது.
அப்புறம், "பெரட்டு வைக்கிறேன்" என்கிறீர்கள். உங்கள் தவறு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பால்மரம்_77 | செவ்வாய், காலை 10.11
பெரட்டை ஏன் இழுக்கிறீர்கள்? விடியுமுன் அந்தக் களத்தில் பேர் கொடுத்து நின்றுதான் எங்களைப் படிக்க வைத்தார்கள்.

பழையகோட் | செவ்வாய், காலை 10.40
யாரையும் குறைத்துச் சொல்லவில்லை ஐயா. பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவார், வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அஜைலில் ஒரு வகையான ஸ்கிரம் முறையின் தினக் கூட்டம், டெய்லி ஸ்கிரம், அதுவல்ல. 15 நிமிடம், வேலை செய்பவர்களே அன்றைய வேலையைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்வது. மேலே இருப்பவருக்குக் கணக்குக் கொடுக்கிற இடமில்லை.

கிராணிமகள் | செவ்வாய், பகல் 12.20
பெரட்டு அதோடு முடிந்ததில்லை. என் பாட்டி பால் மரம் (ரப்பர்) சீவியவர். பேர் கொடுத்த பிறகு, போகிற வழியில் கூட்டாளிகள் பேசிக்கொள்வார்களாம்: இன்றைக்கு யாருக்கு உடம்பு முடியவில்லை, அவருடைய மரங்களை யார் சீவுவது, மேட்டுப் பக்கம் யார் போவது. நீங்கள் சொல்லும் 15 நிமிடம் அதுதான். சொல்லித் தந்து வந்ததில்லை.

சிப்புட்காரன் | செவ்வாய், இரவு 10.05
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். நாலு பேர். இரண்டு வார ஸ்பிரிண்ட். மொத்த விலை, மூன்று தவணை. ஆவணத்தில் உள்ள எல்லாம் முடிந்தால்தான் இரண்டாவது தவணை. மானேஜர், கிராணி, மண்டோர்கள், எங்கள் பாஸ் எல்லாருமே கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததும் நடு ஸ்பிரிண்டிலேயே சேர்த்துவிடுவேன்.

ஈப்போ_தேவ் | செவ்வாய், இரவு 10.50
முடிச்சு அங்கேதான் இருக்கிறது தம்பி. பணம் அருவி முறையில் வருகிறது, வேலை அஜைலில் ஓடுகிறது. நீங்கள் எந்த முறைக்குத் திரும்பினாலும் நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் இதே கதிதான்.
முதலில், தோட்டத்துக்காக முடிவு சொல்ல ஒரே ஒருவர். புராடக்ட் ஓனர் என்பது குழு அல்ல, ஒரு ஆள். மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும். நடு ஸ்பிரிண்டில் வருவது பேக்லாக்குக்கு, அதாவது காத்திருக்கும் வேலைப் பட்டியலுக்கு, போக வேண்டும். மொத்த விலை என்பதால், புதிது ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.
அடுத்தது, ஒரு மண்டோர், ஒரு பகுதி. காட்டுக்குள் லைன் இல்லாதபோது அவர் போட்ட எண்ணிக்கை, ஆபீஸ் வந்ததும் தானாக ஏறிச் சம்பளக் கணக்கில் சரியாக விழுகிறதா? அது நடந்தால் "முடிந்தது". ஆறு ஸ்பிரிண்டிலும் எல்லாத் திரையையும் பாதிப்பாதி தொட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் தவணையையும் இந்த ஒரு முழு வேலைக்குக் கட்டச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.
சம்பளக் கணக்கு மட்டும் வேறு. குலை விலை, சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவை. பால்மரம் அண்ணன் சொன்ன நடவு அதுதான்.

பழையகோட் | செவ்வாய், இரவு 11.15
இது ஸ்கிரம் அல்ல, கலவை.

ஈப்போ_தேவ் | செவ்வாய், இரவு 11.21
கலவைதான். நாலு பேர் சம்பளம் அந்தத் தவணையில் நிற்கிறது.

கிராணிமகள் | புதன், காலை 7.30
தம்பி, மாதக் கடைசியில் டெமோ வைக்காதீர்கள். செக்ரோல் (சம்பளப் பதிவேடு) முடிக்கிற நாளில் கிராணி தலை நிமிர மாட்டார். "நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த வாரம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். அப்பா அப்படித்தான் செய்வார்.

சிப்புட்காரன் | சனி, மாலை 4.10
பாஸ் ஒத்துக்கொண்டார். பெரிய கிராணிதான் இனி முடிவு சொல்வார், மானேஜரும் சரி என்றார். ஒரு மண்டோரோடு தொடங்குகிறோம். தவணை பற்றி இன்னும் பேசவில்லை. நன்றி அண்ணே, அக்கா.

பஹாவ்_பையன் | மூன்று வாரம் கழித்து
அண்ணே, தவணை வந்ததா? எங்களுக்கும் இதே சிக்கல். நாங்கள் ஐந்து பேர், மொத்த விலை, மூன்று வார ஸ்பிரிண்ட்.