தாத்தாவின் .315 ரைஃபிள்: குழலை மட்டும் மாற்றலாமா?

வணக்கம். அல்சூரில் இருக்கிறேன். தாத்தாவின் பழைய .315 ரைஃபிள் இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முன் அவர் வேட்டைக்குக் கொண்டுபோனது. பிறகு பீரோவில்தான் தூங்கியது. போன மாதம் சுடும் களத்தில் 50 மீட்டரிலேயே குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளைத் துரு தின்றுவிட்டது என்கிறார் பழுதுபார்ப்பவர். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் மரக்கட்டையும் மட்டும் கல் மாதிரி இருக்கின்றன.

புதிது வாங்கலாம்தான். ஆனால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ஏற்கெனவே ஒரு 12 போர் ஷாட்கன் இருக்கிறது. அப்புறம் இதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு மனசு வரவில்லை.

பெங்களூரில் உரிமம் பெற்ற பட்டறையில் யாராவது .315-க்குக் குழல் மாற்றியிருக்கிறீர்களா? செலவு எவ்வளவு? ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரியாக அமைந்ததா? உரிமத்தில் ஏதாவது பதிய வேண்டியிருந்ததா?