நடந்து போகும்போது கார் இடித்தால்... "எனக்கு ஒன்னுமில்ல" என்று எழுந்து வந்துவிடாதீர்கள்

தையல்காரி, மதுரை:

நேற்று எங்கள் தெரு முனையில் ஒரு பாட்டியைக் கார் இடித்துவிட்டது. அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு "ஒன்னுமில்லப்பா, நீ பாத்துப் போ" என்று டிரைவரை அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, ஏனென்றால் 2024 ஆகஸ்டில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

காளவாசல் பக்கம், காலை ஆறரை இருக்கும். பால் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறேன், இடப்பக்கம் திரும்பிய கார் ஒன்று முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் இடித்துத் தள்ளிவிட்டது. விழுந்ததும் வலி தெரியவில்லை. பால் பாக்கெட் உடைந்து முழங்கை வழியாக வழிந்துகொண்டிருந்தது, அந்தப் பாலைப் பார்த்துத்தான் எனக்குப் பதற்றம். ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம், கை நடுங்க இறங்கி வந்தான். "அக்கா, கேஸ் எல்லாம் வேண்டாம்க்கா, செலவு எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று இரண்டாயிரம் ரூபாயையும் ஒரு போன் நம்பரையும் கொடுத்தான். பாவமாக இருந்தது. சுற்றி நின்றவர்களும் "விடும்மா, சின்னப் பையன்" என்றார்கள். வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது, காலை ஊன்ற முடியவில்லை. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் முட்டிக்குக் கீழே டிபியா எலும்பின் மேல் பகுதி உடைந்து உள்ளே இறங்கியிருக்கிறது. கார் பம்பர் நிற்பவரின் முட்டி உயரத்தில் வருவதால் நடந்து போகிறவர்களுக்கு இந்த முறிவு அடிக்கடி வரும், இதற்கு 'பம்பர் ஃபிராக்சர்' என்றே பேர் இருக்கிறது என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ. அந்தப் பையன் கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

நான் பிழைத்தது டீக்கடை அண்ணனால். கார் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடைச் சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளில் தேதி அச்சாகியே இருந்தது. பக்கத்து மருந்துக்கடை கேமராவில் கார் திரும்புவதும் நான் விழுவதும் பதிவாகியிருந்தது. பத்து நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார், நாங்கள் போய்க் கேட்டது எட்டாவது நாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு கண்டம். டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கிறார், எங்க வீட்டுக்காரர் போலீசுக்குப் பயந்து "படியில வழுக்கி விழுந்துட்டா" என்று வாயெடுத்தார். நான் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கத்தினேன், "இல்ல டாக்டர், கார் இடிச்சது". அதற்குப் பிறகுதான் ஏ.ஆர் என்கிற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி என்று எழுதினார்கள். அன்று வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

போலீசில் புகார் கொடுக்க ஏன் தாமதம் என்று மனுவிலேயே எழுதச் சொன்னார்கள், உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதலில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது, பிறகு எஃப்.ஐ.ஆர். ஐ.பி.சிக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ் சட்டத்தில் 281 (கண்மூடித்தனமாக ஓட்டியது), கூடவே 125 (அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது) போட்டார்கள். எலும்பு முறிந்திருந்தால் சட்டப்படி அது கொடுங்காயம், ஆஸ்பத்திரி கொடுக்கும் வூண்ட் சர்டிபிகேட் என்கிற காயச் சான்றிதழிலும் அப்படியே வர வேண்டும்.

நஷ்ட ஈடு அந்தப் பையன் பையிலிருந்து போகவில்லை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அது இருப்பதே ரோட்டில் நடக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். கார் நம்பரை மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதெல்லாம் அன்று தெரிந்திருந்தால் அவன் குடும்பம் கஷ்டப்படுமே என்று நான் தவித்திருக்க மாட்டேன்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது. நான் ஐந்தாவது மாதம் போட்டேன். எனக்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். என் அளவு நோட்டை வக்கீலிடம் கொடுத்தேன், யார் என்றைக்குத் துணி கொடுத்தார்கள், முன்பணம் எவ்வளவு, எல்லாம் தேதியோடு இருந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு ஐந்து மாதம் அந்த நோட்டில் வெறும் பக்கங்கள். அதையும் சேர்த்துத் தாக்கல் செய்தார். போன வருஷம் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசமாக முடிந்தது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், அந்தப் பாட்டியின் மகளிடம் காட்டப் போகிறேன்.

சேலத்துப் பையன்:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவுக்கு நடந்தது 2023ல், ஓமலூர் பக்கம் ஹைவேயில். சாயங்காலம் இருட்டுகிற நேரம், வெள்ளைக் கார் என்பது மட்டும்தான் தெரியும், இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆட்கள் தூக்கி உட்காரவைத்துச் சோடா கொடுத்திருக்கிறார்கள். நான் போனபோது அப்பா நன்றாகப் பேசினார், என் பைக்கில்தான் வீட்டுக்கு வந்தார், பின்மண்டையில் சின்ன வீக்கம் தவிர வெளியே காயமே இல்லை. ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தார். சோடா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடிகாலையில் எழுப்பினால் எழவில்லை. மண்டையோட்டுக்கும் மூளைச் சவ்வுக்கும் நடுவில் ரத்தம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மூளையை அழுத்தியிருக்கிறது. நடுவில் சில மணி நேரம் இப்படித் தெளிவாகப் பேசுவதும் இந்த வகைக் காயத்தில் உண்டு என்று டாக்டர் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

வண்டி கடைசி வரை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வழக்குக்கும் அரசு இழப்பீடு இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 161, உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். எஃப்.ஐ.ஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் எல்லாம் சேர்த்து ஆர்.டி.ஓவிடம் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் லைசென்ஸ் எடுக்கும் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். நாம் பேச்சில் ஆர்.டி.ஓ ஆபீஸ் என்று சொல்வது அதைத்தானே. போக வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், அவரையும் ஆர்.டி.ஓ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே விசாரித்து அறிக்கை கலெக்டருக்குப் போகும், அவர் உத்தரவிட்டதும் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். யாராவது என்னைப் போல அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் சி.டி ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். தயவுசெய்து.

இரவுப்பணி நர்ஸ்:

தம்பி, அது உங்கள் தப்பில்லை. எமர்ஜென்சி வார்டில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன், படித்தவர்களே இப்படி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். வாந்தி, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, தலைவலி கூடிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் மணி பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

ரோட்டில் செய்கிற உதவியிலும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ முறிவு இருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழந்து போகலாம். வண்டிகள் மேலே ஏறிவிடாமல் நாலு பேர் சுற்றி நில்லுங்கள், ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், 108க்குச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் இருக்கிறது. தண்ணீர், சோடா வேண்டவே வேண்டாம், உடனே ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். தாகம் என்று கெஞ்சுவார்கள், உதட்டை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கூட்டி வருகிறவரும் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு, பேரும் முகவரியும் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது.

இன்னொன்று, வார்டுக்கு வெளியே நல்லவர் போலப் பேசி "கேஸ் நாங்க பாத்துக்கறோம், இதுல ஒரு கையெழுத்து" என்று வெற்றுத் தாளை நீட்டுகிறவர்கள் வருவார்கள். வலியில் இருக்கிறவரிடம் கையெழுத்து வாங்குவதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். வீட்டுக்குப் போய் நிதானமாக வக்கீலைத் தேடலாம், ஆறு மாதம் இருக்கிறது. வக்கீல் இல்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

டிரைவர் சீட்டில் இருந்தவன்:

நான் மறுபக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை ராத்திரியில், என் காரில் ஒரு பெரியவர் அடிபட்டார். கூட்டம் அடித்துவிடும் என்ற பயத்தில் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தப் பார்த்தது உண்மை. என் மனைவி "நிறுத்துங்க" என்று கத்தினாள். நிறுத்தி ஆம்புலன்சுக்குப் போன் செய்து, கூடவே போய், பிறகு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஓட்டியவர் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 134வது பிரிவில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தெரிவித்தேன். கோர்ட்டில் அபராதம் கட்டினேன், பெரியவருக்கு இழப்பீடு கம்பெனி கொடுத்தது, இடுப்பு எலும்பு கூடி இப்போது நடக்கிறார். அக்கா, அந்தப் பையனும் போனை அணைக்காமல் இருந்திருந்தால் அவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தையல்காரி, மதுரை:

சேலத்துத் தம்பிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சிஸ்டர் எழுதியதை அப்படியே அந்தப் பாட்டி வீட்டில் வாசித்துக் காட்டினேன். மகள் கூட்டிப் போயிருக்கிறார், தலையில் ஒன்றும் இல்லை, மணிக்கட்டில் முறிவு. ஏ.ஆரில் கார் என்றே எழுதியாயிற்று, நம்பர் கிடைக்குமா என்று முனையில் இருக்கும் கடைகளில் கேமரா பார்க்கிறார்கள்.

தனிச் செய்தியில் ஒருவர் பில் பற்றிக் கேட்டிருந்தார். மருந்துக்கடை பில், பிசியோதெரபி ரசீது, ஆட்டோக்காரரிடம் எழுதி வாங்கிய சீட்டு, எல்லாம் ஒரிஜினலாகவே வேண்டும். நான் பழைய தையல் பெட்டியில் போட்டு வைத்தேன். ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள், வெள்ளைப் பளபளப்புத் தாளில் வருகிற பில்களை அன்றே ஜெராக்ஸ் எடுத்து இணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் என் பெட்டியில் இருந்ததில் பதினோரு பில் எழுத்தே இல்லாமல் வெளுத்துப் போனது, அந்தப் பணத்தைக் கேட்க முடியவில்லை.