புறங்கைப் புள்ளிகள்: என் அனுபவம்

பெங்களூர் வெயில் சுடாது, அதனால் தோலை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மில் நிறைய பேருக்கு இருக்கிறது. ஊர் 900 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி. ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வலு கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது. புறங்கைப் பழுப்புப் புள்ளிகளுக்கு வயதைவிட முக்கியக் காரணம் அந்தக் கதிர்தான்.

எனக்கு ஐம்பதுக்கு மேல் வலது புறங்கையில் கடலைப்பருப்பு அளவுக்குப் புள்ளிகள் வந்தன. இடது கையில் ஒன்றிரண்டுதான். தோல் டாக்டர் இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கார் நீங்களே ஓட்டுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். மல்லேஸ்வரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறேன். நம் ஊர் வண்டியில் ஜன்னல் பக்கம் இருப்பது வலது கை. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். நிறத்தை ஏற்றும் யுவிஏ கதிரில் நிறைய உள்ளே வந்துவிடும். ஏ.சி. போட்டிருப்பதால் நமக்கு உறைப்பதே இல்லை.

அப்புறம் டெர்மாஸ்கோப் என்ற தோல் பார்க்கும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். ஒன்று மட்டும் சொரசொரப்பாக மேலெழும்பி இருந்தது. அது செபோரிக் கெரட்டோசிஸ் என்ற சாதாரணத் தோல் வளர்ச்சி, பயமில்லை, ஆனால் கிரீமுக்குப் போகாது என்றார். மற்றவற்றுக்கு ராத்திரியில் தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின் கிரீம், சில மாதங்களுக்கு மட்டும் நிறத்தை மங்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் கிரீம். புறங்கைத் தோல் மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பியும் குறைவு. அதனால் முகத்தைவிட மெதுவாகத்தான் மங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியேதான் ஆனது. இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, முழுசாகப் போகவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

மருந்துக்கடை விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீட்டைக் காட்டியும் கடைக்காரர் வேறொரு ட்யூபை நீட்டி, "இதுல மூணு மருந்தும் சேர்ந்தே இருக்கு மேடம், சீக்கிரம் போயிடும்" என்றார். மூன்றாவது மருந்து மொமெட்டசோன், அதாவது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. இதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தடவிக்கொண்டே இருந்தால் தோல் இன்னும் மெலிந்து நரம்பெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். தயவுசெய்து ட்யூபில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டு வைத்தியம் என்றால், அம்மா ஜாதிக்காய் இழைத்துப் போடச் சொன்னார். கொஞ்ச நாள் போட்டேன், பெரிய மாற்றமில்லை, கெடுதலும் இல்லை. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு மாமி அதைத் தடவிக்கொண்டு மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டார். கை கொப்பளித்து, ஆறின இடமெல்லாம் கருத்துப் போனது. எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும்.

பாத்திரம் தேய்த்தால், கை கழுவினால் சன்ஸ்கிரீன் போய்விடும். அதனால் ஒரு ட்யூபைச் சமையலறை சிங்க் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எஸ்பிஎஃப் 30-க்கு மேல், யுவிஏ-வையும் தடுப்பது. வண்டி ஓட்ட மல்லேஸ்வரம் எய்த் கிராஸ் கடைத்தெருவில் முழங்கை வரைக்கும் வரும் பருத்திக் கையுறை வாங்கினேன். கிரீமில் பாதி வேலையை அதுதான் செய்தது என்பேன்.

லேசரில் புள்ளியை எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். நம் நிறத்துக்கு லேசரோ, திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுப்பதோ செய்த இடம் இன்னும் கருத்துப் போகலாம், வெளுத்தும் போகலாம். முதலில் ஒரே ஒரு புள்ளியில் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புள்ளி திடீரென்று பெரிதானாலோ, ஓரம் கோணலாகி நிறம் கலந்து தெரிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ கிரீம் எதுவும் தடவாமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.