வீடு பார்க்க வந்தவர்கள்: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

முடிச்சூர்வாசி

இரண்டு மாதமாகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. சென்னைப் பக்கம் முடிச்சூர் என்றாலே வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது 2015 வெள்ளத்தைத்தான், தெரிந்த கதை. அம்மா போன பிறகு வீட்டை விற்க முடிவு செய்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்து, ஜன்னல் கம்பிகூடப் புதுசாக்கியாயிற்று. இடுப்பு உயரத்தில் சுவர் முழுக்க ஓடிய அந்தப் பழுப்புக் கோடு எங்கேயும் தெரியவில்லை.

வந்த குடும்பத்துக்கு வீடு பிடித்துவிட்டது. மகன் கார் நிறுத்த இடத்தை அளந்துகொண்டிருந்தார். கூட வந்த வயதான அம்மா மட்டும் பேசாமல் போய்ப் படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே பெயின்ட் அடிக்கவில்லை. கோடு அப்படியே இருந்தது. அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக இழுத்தார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "மோர் நல்லா இருக்குப்பா" என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதுரைக்காரன் 62

கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்கள் மேல்தான். எங்கள் வீட்டிலும் ஓதத்துக்கு மேல் பெயின்ட் அடித்தோம். வாசனை போவதற்குள் ஆள் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே "எதை மறைச்சிருக்கீங்க?" என்றார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பெயின்டுக்குப் போட்ட காசைப் பேப்பருக்குப் போட்டிருக்க வேண்டும். பட்டா இன்னும் அம்மா பெயரிலா? வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? சொத்து மேல் கடன், அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்கிற வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். வாங்குகிறவர் எப்படியும் 30 வருஷத்துக்குக் கேட்பார், நீங்களே எடுத்து ஃபைலில் போட்டு வையுங்கள். மூலப்பத்திரத்தின் அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். வீட்டு வரி ரசீது, கரண்ட் இணைப்பு எல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் வருமான வரிக்காக 1% டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார், அப்போது சண்டைக்குப் போகாதீர்கள். ஆடி மாதம் விளம்பரமே கொடுக்காதீர்கள், தண்டம்.

திருச்சி அக்கா

கேட்டது அனுபவம், இங்கே பத்திரப்பதிவு வகுப்பு நடக்கிறது. சரி, என் கதை.

படுக்கையறை பெரிதாகத் தெரியட்டும் என்று இரும்பு பீரோவை நாலு பேர் சேர்ந்து ஹாலுக்கு நகர்த்தி, சமையலறை வாசலை ஒட்டி வைத்தோம். பார்ட்டியோடு ஒரு வாஸ்துக்காரர் வந்தார். சரியாக அந்த பீரோ பக்கத்தில் நின்று போனில் திசை பார்க்கிறார்! முள் எங்கேயோ சுற்றிப்போய் நின்றது. 22 வருஷமாகத் தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கிற என் அடுப்பை வடகிழக்கில், ஈசானியத்தில் இருக்கிறது என்றுவிட்டார். ஈசானியத்தில் நெருப்பா என்று அந்தப் பெண் முகமே மாறிவிட்டது. "காலையில வெயில் எந்த ஜன்னல்ல வருதுன்னு பாருங்க" என்றேன். "சூரியன் வேற, வாஸ்து வேறம்மா" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள். பீரோவைத் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தியதில் என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கரணை பக்கம்

நான் வாங்க அலைகிற கட்சி. மதுரை அண்ணே, உங்கள் ஃபைலை யாரும் முதல் நாளே பிரிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது ரோடு வாசற்படியைவிட உயரமா என்று. அப்புறம் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் எந்த வீட்டையாவது ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்களா என்று.

ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் இரண்டடி சிமென்ட் மேடையில் நின்றது. எதற்கு என்று கேட்டேன். "குழந்தை திறக்காம இருக்க" என்றார். அவர் குழந்தையும் அங்கேயே இருந்தான். பத்தாவது படிக்கிறானாம்.

முடிச்சூர்வாசி

ஃபிரிட்ஜ் மேடை எங்கள் வீட்டிலும் உண்டு. நல்லவேளை, அதற்குக் காரணம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

மதுரை சார், நான் வேண்டுமென்று விட்டுவைக்கவில்லை. அலமாரியில் அம்மாவின் புடவைகள் இருந்தன, பெயின்டரைத் திறக்க விடவில்லை. அவர் வேலை முடித்துப் போன பிறகு தங்கை வந்து எடுத்துப் போனாள். உள்ளே அடிக்க வேண்டும் என்பது அப்புறம் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு பார்ட்டி வருகிறது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்று போனிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ராகு காலம் முடிந்து 12 மணிக்கு மேல் வருகிறோம் என்றார்கள்.