குழம்பில் உருகும் ஆட்டுக் கொழுப்புக்குக் கலோரி கணக்கிடுவது எப்படி?

வணக்கம். கலோரிக் கணக்கு எழுதுபவர்களிடம் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஞாயிறென்றால் நெஞ்செலும்பும் கொழுப்புமாக ஆட்டுக்கறிக் குழம்புதான். எலும்போடு எடை போட்டால் எலும்புக்கும் கலோரி ஏறிவிடுகிறது. வெந்தபின் எடை போட்டால், நீர் வற்றிய கறிக்குப் பச்சைக் கறியின் அட்டவணை பொருந்தாது. இதையாவது சமாளித்துவிடலாம். மேலே மிதக்கும் எண்ணெய்தான் சிக்கல். அதில் தாளித்த நல்லெண்ணெய் எவ்வளவு, கறியிலிருந்து உருகியது எவ்வளவு? கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி கூடக்குறைய இருந்தாலே 200 கலோரிக்கு மேல் பிசகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்த ஏட்டை வழித்தெடுத்து எடை போட்டுக் கழித்தால் சரியாக வருமா? மசாலாவும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே! எடை போட்டுச் சமைப்பவர்கள் உங்கள் முறையைச் சொல்லுங்கள். கொழுப்பை வெட்டி எறியச் சொல்லாதீர்கள்; கறிக்கடையில் கேட்டு வாங்குவதே அதைத்தான்.